ஆகாய மார்க்கமும் பிரயாண காலமும்

(சிவகாசியில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



விமான நிலையமே இல்லாத ஓர் ஊரில் நின்றுகொண்டு விமானப் பிரயாணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே இவன் என்று உங்களில் சிலர் உள்ளுக்குள் நகைக்கலாம். நகைப்பதில் தவறும் இல்லை. ஆயினும், துபாயிலோ சிங்கப்பூரிலோ லண்டனிலோ அமெரிக்காவிலோ மகனையோ மகளையோ மருமகனையோ வைத்திராத குடும்பங்கள் இம்மண்டபத்தில் எத்தனை இருக்கின்றன என்று கேட்டால், உயரும் கைகள் அதிகமிரா என்றே எண்ணுகிறேன். அச்சுத் தொழில் நடத்துவோருக்கோ, புதிதாக வந்த யந்திரத்தைக் கண்ணால் கண்டு தீர்மானிப்பதற்காக ஜெர்மனிக்குப் போய் வருவது வியாபாரக் கடமைகளுள் ஒன்றாகவே ஆகிவிட்டது. ஆகவே விஷயம் ஊருக்குப் புறம்பானதன்று.

வெளிநாடு சென்று திரும்பியவரை வாசற்படியிலேயே நிறுத்தி நாம் கேட்கும் முதற்கேள்வி, 'எத்தனை மணி நேரம் ஆச்சு?' என்பதுதான், 'எத்தனை கிலோமீட்டர்?' என்று கேட்பவரை நான் கண்டதில்லை. தரைப் பிரயாணத்தில் பழகிய புத்தி அது. விருதுநகருக்கு முக்கால் மணி, மதுரைக்கு இரண்டு மணி என்று காலத்தைச் சொன்னாலே தூரத்தையும் சொன்னதாகிவிடுகிறது. ஏனெனில் தரையில் இவ்விரண்டும் பெரும்பாலும் பிரியாமலே செல்கின்றன. ஆகாயத்திலோ இவை இரண்டும் வெவ்வேறு எஜமானர்களுக்குக் கட்டுப்பட்டவை. இரண்டு விமான நிலையங்களுக்கிடையே உள்ள தூரத்தைப் பூமியின் வடிவம் ஒருமுறை நிர்ணயித்ததோடு சரி, அதை எந்த அரசும் எந்தக் கம்பெனியும் மாற்ற முடியாது; அத்தூரத்தைக் கடக்கும் காலத்தையோ காற்றும், யந்திரமும், தேசங்களின் சினேக விரோதங்களும், எல்லாவற்றுக்கும் மேலாக நாம் தரையில் காத்துக் கிடக்கும் நாழிகைகளும் சேர்ந்து நாள்தோறும் புதிதாக எழுதுகின்றன. இந்த வேற்றுமையைக் கூடியவரை விளங்கச் சொல்வதே இன்று என் நோக்கம்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்கும் உலகப் படங்களில் பல நம்மூர் அச்சகங்களிலேயே ஆப்செட்டில் உருவெடுத்து, ஓரத்தில் தகரப்பட்டை ஏறி, நாடெங்கும் போகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். நாம் கண்டு பழகிய படங்களிற் பல, 1569-ஆம் ஆண்டில் மெர்க்கேட்டர் என்னும் பூகோள சாஸ்திரி வகுத்த முறையைத் தழுவியவை. உருண்டையைத் தட்டையாக்கும் காரியத்தில் எதையாவது பலிகொடுத்தே தீரவேண்டும். கப்பலோட்டிகளுக்குத் திசை பிசகாதிருக்க வேண்டும் என்பதற்காக மெர்க்கேட்டர் அளவைப் பலிகொடுத்தார். அதனால் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு ஈடாகப் பெருத்துத் தோன்றுவதை யாவரும் கண்டிருப்பீர்கள். அப்படத்தில் சென்னைக்கும் லண்டனுக்கும் ஸ்கேல் வைத்து ஒரு கோடு கிழித்தால், கோடு கொங்கணக் கரையைத் தாண்டி அரபிக் கடலில் இறங்கி, பாரசீக வளைகுடாவின் தலைப்பைத் தொட்டு, சிரியா, துருக்கி, பால்கன் நாடுகள் வழியாகச் செல்லும். பார்த்தவர், இதுவே குறுக்கு வழி என்று சத்தியம் செய்வார்.

உருண்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் ஒரு முனையைச் சென்னையின்மேல் விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை லண்டனுக்குக் கொண்டுபோய் விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். நூல் நீங்கள் கிழித்த கோட்டில் நில்லாமல் வடக்கே வழுக்கி ஏறும். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தின் மேலும் ஈரானின் கீழ்த்திசைப் பாலைகளின் மேலும் சென்று, காஸ்பியன் கடலைத் தாண்டி, ரஷ்யாவின் தென் ஓரத்தையும் உக்ரைனையும் கடந்து லண்டனை அடையும். மொத்தத் தூரம் சுமார் 8,230 கிலோமீட்டர். அதில் சரிபாதி வந்து நிற்கும் இடம் பாகு நகருக்குச் சற்றுத் தெற்கே காஸ்பியன் கடலின் நடுவில். ஸ்கேல் வைத்துக் கிழித்த கோட்டில் போனாலோ ஏறத்தாழ 250 கிலோமீட்டர் அதிகமாகப் பறக்க நேரும். பூமியின் மையத்தை ஊடுருவிச் செல்லும் தளம் ஒன்று பூமியின் மேற்பரப்பை அறுக்குமிடத்தில் உண்டாகும் வட்டத்தைப் பெருவட்டம் என்று கணித நூலார் சொல்வர். நீங்கள் இழுத்துப் பிடித்த நூல் அப்பெருவட்டத்தின் ஒரு துண்டு. விமான நிலையங்களுக்கிடையே உள்ள தூரம் என்று எந்த அட்டவணையில் ஓர் எண்ணைக் கண்டாலும், அது இந்த நூலின் நீளமே என்று கொள்ளலாம்.

இதிலிருந்து ஒரு சிறு முடிவும் கிடைக்கிறது. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டராதலால், உலகில் எந்த இரு விமான நிலையங்களும் ஒன்றுக்கொன்று 20,000 கிலோமீட்டருக்கு மேல் விலகியிருக்க இயலாது. நம் சிவகாசிக்கு நேர் எதிரே, உருண்டையின் மறுபுறத்தில், அந்த 20,000 கிலோமீட்டர் முடியுமிடம் பசிபிக் சமுத்திரத்தின் நடுவே விழுகிறது. அங்கே இறங்கி நிற்க ஒரு திட்டுக் கூட இல்லை. நமக்கு அதற்கப்பால் தூரம் என்பதே கிடையாது. எந்தத் திக்கில் மேலே போனாலும் அது ஊருக்குத் திரும்பும் வழிதான்.

நூல் பிடித்து அளப்பது சிறுபிள்ளை விளையாட்டு என்று யாரும் இகழ வேண்டாம். நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தனியொருவராகப் பறந்த சார்ல்ஸ் லிண்ட்பர்க், புறப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன், சான்டியாகோ நகரத்துப் பொது நூல்நிலையத்தில் இருந்த உருண்டையின்மேல் இப்படித்தான் நூல் பிடித்துத் தம் வழியை அளந்தார். பின்பு அவ்வழியை நூறு நூறு மைல் துண்டுகளாக வகுத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் திசைகாட்டியின் கோணத்தைச் சிறிது திருப்பி, 5,800 கிலோமீட்டரை 33½ மணி நேரத்தில் 1927-ஆம் ஆண்டு மே மாதத்தில் கடந்தார். அதே 1927-ஆம் ஆண்டில்தான் விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதை திறக்கப்பட்டுச் சிவகாசிக்கு முதன்முதலாக ரயில் வந்தது என்பதை நினைக்குங்கால், இவ்வூர் எத்தகைய தனிமையிலிருந்து எத்தனை விரைவில் வெளியேறியது என்பது புலனாகும். தீப்பெட்டித் தொழிலைக் கற்பதற்காக 1922-இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தங்கள் ஊரில் ரயிலேற வழியில்லாதவர்கள். மதுரைக்கும் கல்கத்தாவுக்கும் ஆகாய வழியில் 1,800 கிலோமீட்டர்தான். அவர்கள் சென்ற வழியோ சென்னைக்கு ஏறி, கீழைக்கரையை ஒட்டி வளைந்து வளைந்து செல்லும் நெடிய இரும்புப்பாதை. அந்தத் தூரத்தைப் பொருட்படுத்தாமல் அவர்கள் போய்த் தொழிலைக் கொண்டுவந்ததாலன்றோ இன்று இந்த மண்டபம் நிறைந்திருக்கிறது!

காலத்தின் சரித்திரத்தை முழுவதும் சொல்லப் புகுந்தால் பொழுது போதாது. நம் தேசத்தைத் தொட்ட சிலவற்றை மட்டும் சொல்லிச் செல்கிறேன். லண்டனிலிருந்து கராச்சிக்கு விமானத் தபால் 1929-இல் தொடங்கியபோது வழியில் ஏழு நாள் ஆயிற்று. அதிலும் ஒரு பகுதியைத் தபாலும் பிரயாணிகளும் ரயிலில் கடக்க வேண்டியிருந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா அத்தபாலைக் கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்குச் சிறு விமானம் ஒன்றில் தாமே ஓட்டிவந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்ட்சென்ட். சுதந்திரத்துக்குப் பின், 1948 ஜூன் 8 அன்று, 'மலபார் பிரின்சஸ்' என்று நாமகரணம் பெற்ற விமானம் பம்பாயை விட்டெழுந்து, கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கி, ஜூன் 10 அன்று லண்டன் சேர்ந்தது. இன்று அதே தூரத்தை இடையில் எங்கும் இறங்காமல் சுமார் பத்து மணி நேரத்தில் கடக்கிறார்கள். பூமி ஓர் அங்குலமும் சுருங்கவில்லை.

ஆனால் இவற்றையெல்லாம்விட என் மனத்தைக் கவர்ந்த பிரயாணம் வேறொன்று; அது நமக்குத் தெற்கே, இலங்கையின் காலி நகருக்கருகிலுள்ள கொக்கல ஏரியில் வந்து முடிந்தது. 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இருந்த விமானத் தொடர்பு அறுந்துபோயிற்று. அதை மீண்டும் முடிந்து போடுவதற்காக, 1943-இன் நடுவிலிருந்து 1945 வரை, குவாண்டாஸ் கம்பெனியார் நீரில் இறங்கவல்ல காட்டலினா விமானங்களைப் பெர்த் நகரின் ஆற்றிலிருந்து எழுப்பி, இந்து சமுத்திரத்தின் குறுக்கே ஒரே மூச்சில் 5,650 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டுவந்து கொக்கல ஏரியில் இறக்கினார்கள். பகைவர் காதில் விழுமென்று ரேடியோவைத் தொடுவதில்லை. இரவில் நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கணித்தார்கள். எரிபொருளின் பாரமே விமானத்தை அமுக்கியதால் மூன்று பிரயாணிகளுக்கும் கொஞ்சம் தபாலுக்கும் மேல் இடமில்லை. மணிக்குச் சுமார் இருநூறு கிலோமீட்டரே செல்லும் அந்த விமானங்கள், காற்று எதிர்த்த நாட்களில் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகாயத்திலேயே இருந்தன. ஒரு முறை பிரயாணம் 32 மணி 9 நிமிஷம் நீண்டது. ஒரே பிரயாணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பார்த்தவர்களுக்கு, 'இரட்டை உதயத்தின் இரகசியச் சங்கம்' என்ற பெயரில் ஒரு பத்திரமும் வழங்கப்பட்டது. 271 முறை இவ்வாறு சமுத்திரத்தைத் தாண்டினார்கள். தூரத்துக்கு அஞ்சாத வீரம் ஒரு புறமிருக்க, இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறு: ஒரே விமானம், ஒரே வழி, ஒரே தூரம், பிரயாண காலமோ ஒரு நாள் இருபத்தேழு மணி, மற்றொரு நாள் முப்பத்திரண்டு மணி. இந்த ஐந்து மணி வேற்றுமைக்குப் பொறுப்பாளி காற்று.

காற்றின் ஆதிக்கத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் பிரமாணம் நம் காலத்திலேயே இருக்கிறது. டில்லிக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் நூல் பிடித்தால் சுமார் 12,400 கிலோமீட்டர். நூல் வட துருவத்தின் பக்கமாகப் போகும். ஏர் இந்தியா விமானம் ஐரோப்பாவையும் அட்லாண்டிக் சமுத்திரத்தையும் கடந்து மேற்கு வழியாகச் சென்றுகொண்டிருந்தபோது சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்தது. 2016 அக்டோபர் 16 அன்று அவ்விமானத்தை முதன்முறையாகக் கிழக்கே திருப்பிப் பசிபிக் சமுத்திரத்தின் வழியாக அனுப்பினார்கள். தூரம் சுமார் 15,300 கிலோமீட்டராக நீண்டது. நீண்ட வழியில் நெடுநேரம் ஆகுமென்பதே நம் கணக்கு. நடந்ததோ, 14½ மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. குறைந்த தூரமுள்ள மேற்கு வழியைக் காட்டிலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம்! பின்னாலிருந்து காற்று தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் டில்லியை விட்ட விமானம், நடுச் சமுத்திரத்தில் தேதிக் கோட்டைத் தாண்டிச் சனிக்கிழமைக்குள் புகுந்து, அங்கிருந்து மீண்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து, அன்று காலையிலேயே சான்பிரான்சிஸ்கோவில் இறங்கியது. பதினாலரை மணி நேரம் பறந்தவர்கள் புறப்பட்ட ஊர் நேரத்துக்கும் இறங்கிய ஊர் நேரத்துக்கும் இடையே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இல்லையே என்று அங்குள்ள உறவினர் வியந்திருப்பர். வெளிநாட்டு டிக்கெட்டில் புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் வெறுமனே கழித்துப் பார்த்து, 'பரவாயில்லையே, சீக்கிரம் போய்விடுகிறதே' என்று சொல்லும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்வது மாணவர்களின் கடமை.

இங்கே ஒரு சந்தேகம் எழுவது இயற்கை. பூமிதான் மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறதே, விமானத்தை அந்தரத்தில் நிறுத்தி வைத்தால் அமெரிக்கா தானாகவே காலடியில் வந்து சேராதா என்று புத்திசாலிப் பையன்கள் கேட்பதுண்டு. சேராது, ஏனெனில் பூமியோடு ஒட்டிக்கொண்டு ஆகாயமும் சேர்ந்தே சுழல்கிறது, விமானமோ அந்த ஆகாயத்தில் மிதக்கும் பொருள். ஆயினும் மத்திய அட்சரேகைகளின்மேல், பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சியையும் மிஞ்சிக் கிழக்கு நோக்கிப் பாயும் காற்றாறுகள் உண்டு. மணிக்கு இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அவ்வாற்றில் நீரோட்டத்தோடு போகும் விமானத்துக்கு அது வரவு. எதிர்த்துப் போகும் விமானத்துக்குச் செலவு. நம் தலைக்கு மேலேயோ மழைக்காலத்தில் இதற்கு மாறாகக் கிழக்கிலிருந்து மேற்கே ஓடும் காற்றாறு ஒன்று இன்னும் உயரத்தில் தோன்றுகிறது; அதன் இலக்கணத்தை 1958-இல் உலகுக்கு விவரித்தவர் பி. கோட்டேசுவரம் என்னும் இந்திய வானிலை விஞ்ஞானி.

மத்திய அட்சரேகைக் காற்றாற்றை முதலில் அளந்தவர் ஒரு ஜப்பானியர். ஓயிஷி வசாபுரோ என்ற அவர், 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டுத் தூரதிருஷ்டிக் கண்ணாடியால் தொடர்ந்து பார்த்து, மேலே செல்லச் செல்லக் காற்று வெறிகொண்டு ஓடுவதைக் கண்டார். கண்டதை உலகமெல்லாம் படிக்கட்டும் என்று எஸ்பெரான்டோ மொழியில் 1926-இல் அச்சிட்டார். உலகம் படிக்கவில்லை. ஆனால் ஜப்பானிய ராணுவம் அந்தக் காற்றை மறக்கவில்லை. 'குட்டி ஜப்பான்' என்று நேரு பெயரிட்டதாகச் சொல்லப்படும் இந்த ஊரில், அசல் ஜப்பான் காகிதத்தையும் கருமருந்தையும் வைத்துச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 1944 நவம்பரிலிருந்து 1945 ஏப்ரல் வரை, ஏறத்தாழ 9,300 காகித பலூன்களை அவர்கள் அந்தக் காற்றாற்றில் மிதக்கவிட்டார்கள். முசுக்கட்டை இனத்து மரப்பட்டையில் செய்த காகிதத்தைத் தாள்மேல் தாளாகக் கிழங்குப் பசையால் ஒட்டியவர்கள் பள்ளிக்கூடத்துச் சிறுமிகள். பத்து மீட்டர் விட்டமுள்ள அந்த பலூன் இரவின் குளிரில் கீழே இறங்கத் தொடங்கினால், காற்றழுத்தத்தை அறியும் கருவி தூண்டிவிட, சிறிதளவு கருமருந்து வெடித்து ஒரு மணல் மூட்டையை அவிழ்த்துவிடும். பாரம் குறைந்து பலூன் மீண்டும் மேலேறும். விமானியும் இல்லை, யந்திரமும் இல்லை. காகிதமும் திரியும் மருந்துமே பசிபிக் சமுத்திரத்தைச் சில நாட்களில் தாண்டின. அவை சுமந்து சென்றவை வெடிகுண்டுகளாதலால் வியப்பு அங்கேயே நின்றுவிடுகிறது: 1945 மே 5 அன்று ஆரிகன் மாகாணத்துக் காட்டில் உல்லாசமாகச் சென்ற ஒரு பெண்ணும் ஐந்து பிள்ளைகளும் அத்தகைய குண்டு ஒன்றினால் இறந்தார்கள்.

காற்றுக்கு அடுத்தபடி பிரயாண காலத்தை நீட்டுவன அரசுகள். சென்னையிலிருந்து லண்டனுக்கு நாம் பிடித்த நூல் சிந்துவின்மேலும் உக்ரைனின்மேலும் சென்றதை நினைவில் வைத்திருப்பீர்கள். 2019 பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை பாகிஸ்தான் தன் ஆகாயத்தை அடைத்தபோது, மேற்கே செல்லும் நம் விமானங்கள் அரபிக் கடலைச் சுற்றிச் சென்றன. ஜூலை 2 வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் நஷ்டம் என்று பாராளுமன்றத்தில் சொல்லப்பட்டது. உக்ரைனின் ஆகாயம் 2022 பிப்ரவரியில் அடைபட்டது. ரஷ்யாவின் ஆகாயம் ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்ட பின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணியில் போய்க்கொண்டிருந்தவர்கள், வட துருவத்தைச் சுற்றிப் பதின்மூன்று மணி நேரம் பறக்க நேர்ந்தது. தேசங்கள் சண்டையிட்டால் நூல் கோணலாகிறது, அவ்வளவே.

யந்திரத்தின் எல்லைக்கு வருவோம். இன்று கால அட்டவணையில் உள்ள, இடையில் இறங்காத நெடும் பிரயாணங்களுள் முதன்மையானது, தமிழில் வழிகாட்டும் பலகைகள் உள்ள சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்குக்குச் செல்வது. 15,349 கிலோமீட்டர், பத்தொன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. முந்நூறு பேருக்கு மேல் அமரக்கூடிய ஜாதி விமானம் அது. அந்த வழியில் 161 ஆசனங்களோடு போகிறது. எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் வேண்டியிருப்பதால், தூரம் ஏற ஏற மனிதரைக் குறைத்து எண்ணெயை ஏற்றவேண்டும். ஆகையால் மிக நெடிய தூரத்தை இறங்காமல் கடப்பது சாமர்த்தியமேயன்றிச் சிக்கனமன்று.

குறுந்தூரத்தின் கதையோ வேறு. சென்னைக்கும் மதுரைக்கும் ஆகாய வழியில் 420 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று விமானத்தின் வேகத்தைக் கேள்விப்பட்டவர், அரை மணிக்குள் போய்விட வேண்டுமே என்று கணக்கிடுவார். அட்டவணையிலோ ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்றிருக்கும். அட்டவணையில் காணும் நேரம் ஆகாயத்தில் இருக்கும் நேரமன்று. சக்கரத்துக்குக் கொடுத்த கட்டையை எடுத்த கணத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் கட்டையைத் திரும்பக் கொடுக்கும் கணம் வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு உருண்டு போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, மேலேறுவது, ஏறிய உடனேயே இறங்கத் தொடங்குவது, காற்றைப் பார்த்து வட்டமிட்டு ஓடுபாதைக்கு நேராக வருவது ஆகிய யாவும் அதற்குள் அடக்கம். இவ்வழியில் ஓடும் விமானங்களிற் சில மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் செல்லும் சுழல்விசிறி விமானங்கள் என்பதும் உண்டு. போதாததற்கு, தாமதம் என்ற பெயர் வராதிருக்கக் கம்பெனியார் சில நிமிஷங்களைக் கையிருப்பாகவும் சேர்த்துக்கொள்கிறார்கள். 'பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டோம்' என்று விமானத்தில் பெருமையாக அறிவிக்கும்போது நான் அதிகம் மகிழ்வதில்லை.

இப்போது நம் ஊரின் கணக்குக்கு வருகிறேன். 1951 முதல் ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரில் நடந்துவரும் 'துரூபா' என்னும் அச்சு யந்திரப் பொருட்காட்சிக்குச் சிவகாசியிலிருந்து ஒருவர் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மதுரைக்கும் டூசல்டார்ஃபுக்கும் நூல் பிடித்தால் 7,860 கிலோமீட்டர். மதுரையிலிருந்து துபாய் 2,950, துபாயிலிருந்து டூசல்டார்ஃப் 5,000, ஆகக் கூடுதல் 7,950. சுற்றுவழி என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் துபாய் வழியால் அதிகமாவது வெறும் தொண்ணூறு கிலோமீட்டர்! ஏறக்குறைய நூலின்மேலேயே துபாய் அமர்ந்திருக்கிறது. வளைகுடா நகரங்கள் உலகத்துக்கே சந்திப்பு நிலையங்களாக உயர்ந்ததற்கு எண்ணெய்ப் பணம் ஒரு காரணமானால், பெருவட்டத்தின் தயவு மற்றொரு காரணம். ஆகவே ஆகாயத்தில் நமக்கு நஷ்டமில்லை. மொத்தம் பதினொரு மணி நேரப் பறப்பு.

நஷ்டமெல்லாம் தரையில். திருத்தங்கல், ஆமத்தூர், விருதுநகர், கள்ளிக்குடி, திருமங்கலம் என்று எழுபது கிலோமீட்டர் ஓடி, சுற்றுச்சாலையில் திரும்பிப் பெருங்குடிப் பக்கம் விமான நிலையத்தை அடைய ஒன்றரை மணி; அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக இருக்கவேண்டும்; துபாயில் அடுத்த விமானத்துக்கு எத்தனை மணி என்பது அவரவர் அதிர்ஷ்டம். மதுரை வழி அமையாதவர் பொதிகை எக்ஸ்பிரஸில் ஓரிரவைக் கழித்துச் சென்னைக்குச் சென்று, அதாவது ஜெர்மனியின் திக்கை விட்டு விலகி வடகிழக்கே ஊர்ந்து, அங்கிருந்து பறக்கிறார். கூட்டிப் பார்த்தால், பறந்த நேரத்தைவிடப் பறக்கக் காத்திருந்த நேரமே மிஞ்சும். மதுரையிலிருந்து கொழும்புக்கு 2012-இல் முதல் வெளிநாட்டு விமானம் எழுந்தது; துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பின்னர் எழுந்தன. ஆனால் அங்குள்ள ஓடுபாதையின் நீளம் 2,285 மீட்டர். ஐரோப்பாவுக்கு இறங்காமல் போகப் போதுமான எண்ணெயோடு பெரிய விமானம் ஒன்று கிளம்ப வேண்டுமானால் மூவாயிரம் மீட்டருக்கு மேல் வேண்டும். அதிலும் நம் சித்திரை வெயிலில் காற்று இளகி, இறக்கைக்குப் பிடிமானம் குறைந்து, விமானம் இன்னும் அதிக தூரம் ஓடியே எழும். ஓடுபாதையை நீட்டும் திட்டம் பல்லாண்டுகளாகப் பேசப்படுகிறது. அதற்கு வீடும் வயலும் கொடுக்கவேண்டிய சின்ன உடைப்பு போன்ற கிராமத்தாரின் துயரத்தை நான் அற்பமாக எண்ணவில்லை, அவர்களுக்குத் தக்கது செய்யாமல் தள்ளிக்கொண்டு போனதே காலதாமதத்துக்கு வேர் என்பது என் அபிப்பிராயம். வெளிநாட்டுக் கம்பெனிகள் மதுரைக்கு வர இருதரப்பு ஒப்பந்தங்களில் மதுரையின் பெயரைச் சேர்க்கவேண்டும் என்பது இவ்வட்டார வணிகரின் நெடுநாளைய கோரிக்கை. கணக்குப் பார்த்த அளவில் அது நியாயமான கோரிக்கையே. விமானத்தின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் லாபத்தைவிட அதனால் நமக்குக் கிடைக்கும் லாபம் அதிகம்.

கடைசியாக ஒரு விஷயம். இவ்வூரின் காகிதம் பறக்கும். காலண்டரும் டைரியும் அழைப்பிதழும் எந்த விமானத்திலும் ஏறலாம். இவ்வூரின் நெருப்புக்கு மட்டும் ஆகாய மார்க்கம் அடைபட்டிருக்கிறது. தீப்பெட்டி தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறி, வாரக்கணக்கில் மிதந்து, தூர தேசங்களுக்குப் போகிறது. பிரயாணியின் பெட்டியிலோ பையிலோ ஒரு கம்பி மத்தாப்பும் போகக்கூடாது. தரையில் தீப்பிடித்தால் ஓடி ஒதுங்க இடமுண்டு, பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் எங்கே ஒதுங்குவது? மருந்தின் குணத்தை இந்த ஊராரைவிட அறிந்தவர் யார்? ஆனால், தீபாவளிக்கு வந்து திரும்பும் பேரனுக்கு, 'அங்கே இதெல்லாம் கிடைக்காதே' என்ற பாசத்தால், நாலு பொட்டு வெடிப் பெட்டியையும் ஒரு பாக்கெட் மத்தாப்பையும் துணிகளுக்கிடையில் செருகி அனுப்பும் பாட்டிமார் இங்கேயும் இருக்கிறார்கள். ஊடுகதிர் யந்திரத்தின் கண்ணில் அது படாமல் போகாது. பெட்டியைத் திறந்து காட்டி, விளக்கம் சொல்லி, எழுதிக் கொடுத்து முடிவதற்குள் விமானம் போய்விடும், வழக்கும் கூட வரலாம். ஆதலால் தாய்மார்களை வேண்டிக்கொள்கிறேன்: பெட்டியில் சாத்தூர்க் காராச்சேவு வையுங்கள், அடுத்த ஆண்டுக் காலண்டரை வையுங்கள், வெடியை மட்டும் பிள்ளைகள் புறப்படுவதற்கு முந்திய இரவே தெருவில் வெடித்துத் தீர்த்துவிடச் சொல்லுங்கள்.